ஸ்னோ ஒயிட்டின் அம்மா எங்கே போனாள்?

மக்களே, ஒரு கேள்வி. டிஸ்னியோட 'ஸ்னோ ஒயிட் அண்ட் தி செவன் ட்வார்ஃப்ஸ்' படம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. குள்ளர்கள் ஏழு பேர் பெயரையும் கடகடன்னு ஒப்பிக்கிற ஆட்களும் இங்கே உண்டு. (எனக்கு ஆறு வரைக்கும் வரும். ஏழாவதா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் விட்டுப்போவான்.) சரி, அந்தப் பொண்ணோட அம்மா எப்படி இருப்பாங்க? எப்ப செத்தாங்க?

படத்துல பதிலே கிடையாது. ஆரம்பத்துல ஒரு கதைப் புத்தகம் திறக்கும். இளவரசி ஒருத்தி, அவளுக்குப் பொல்லாத மாற்றாந்தாய் ஒருத்தி, அவ்வளவுதான். அப்பா ராஜாவும் அவுட். இதுல வேடிக்கை என்னன்னா, காட்டுக்குள்ள ஓடிப்போய் அந்தக் குட்டி வீட்டைப் பார்த்ததும், இவ்வளவு குப்பையா இருக்கே, இந்தப் பசங்களுக்கு அம்மா இல்லை போலன்னு பரிதாபப்படறா ஸ்னோ ஒயிட். அடுத்த வீட்டு அம்மாவைப் பற்றி யோசிக்கிற பொண்ணு, தன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசறதில்லை.

அந்த அம்மா எங்கே போனான்னு தேடினா, கடைசியில நிறத்துல வந்து மாட்டறா. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் அந்தப் படத்தை மறுபடி ஓட்டி, நடுநடுவே நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஐட்ராப்பர் வச்சு நிறம் நிறமா குறிச்சுக்கிட்டிருந்தேன். (ஆணி பிடுங்குற வேலை அதிகமில்லாத வாரம்.) ஸ்னோ ஒயிட்டுக்கு வெள்ளைத் தோல், கருப்பு முடி, சிவப்பு உதடு, முடியில சிவப்பு ரிப்பன். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அப்புறம் அரசியை எடுத்தேன். தலையை இறுக்கிப் பிடிச்ச கருப்பு முக்காடு. கழுத்துக்குப் பின்னாடி விறைப்பா எழுந்து நிக்கிற வெள்ளைக் காலர். கருப்பு மேலங்கி, அது விலகும்போதெல்லாம் உள்ளே தெரியற சிவப்பு லைனிங். ஊதா கவுனையும் தங்கக் கிரீடத்தையும் ஓரமா வச்சிட்டுப் பார்த்தா, ரெண்டு பேருக்கும் அதே மூணு நிறம். அதுவும் ஸ்னோ ஒயிட்டுக்கும் கழுத்துல விறைப்பான வெள்ளைக் காலர்தான்! நல்லவ கெட்டவன்னு ரெண்டு முனையில நிறுத்தவேண்டிய ரெண்டு பேருக்கு ஒரே நிறத்தொகுப்பு எதுக்கு?

இதுக்குப் பதில் தேட கிரிம் சகோதரர்கள்கிட்ட போகணும்.

யாகோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் ரெண்டு பேரும் ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளோட முதல் தொகுதியை வெளியிட்டது 1812 டிசம்பர்ல. கதை இப்படித் தொடங்கும். பனி கொட்டுது. ஒரு அரசி ஜன்னல் ஓரமா உட்கார்ந்து தைச்சுக்கிட்டிருக்கா. ஜன்னல் சட்டம் கருங்காலி மரம். வெளியே பனியைப் பார்த்துக்கிட்டே தைச்சதுல விரல்ல ஊசி குத்துது. மூணு சொட்டு ரத்தம் பனி மேல விழுது. வெள்ளை மேல சிவப்பு, பக்கத்துல கருப்புச் சட்டம். இந்தப் பனி மாதிரி வெளுப்பா, இந்த ரத்தம் மாதிரி சிவப்பா, இந்த மரம் மாதிரி கருப்பா எனக்கு ஒரு குழந்தை பிறக்கக்கூடாதான்னு நினைக்கிறா. அப்படியே பிறக்குது.

ஆக, அந்த மூணு நிறமும் குழந்தையோட வர்ணனைன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம், ஆனா முதல்ல அது அம்மாவோட ஆசை. அவ கண்ணுல பட்டது, அவ உடம்பில இருந்து சொட்டினது, அவ உட்கார்ந்திருந்த ஜன்னல்.

இப்பதான் வில்லங்கம். 1812 பதிப்புல, குழந்தைக்கு ஏழு வயசாகும்போது கண்ணாடிகிட்ட போய்க் கேக்கிறவ, பொறாமையில வெந்து, குழந்தையைக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லச் சொல்லி ஆள் அனுப்புறவ, ஈரலையும் நுரையீரலையும் கொண்டுவரச் சொல்லி உப்புப் போட்டு வேகவச்சுத் தின்கிறவ (அது காட்டுப்பன்றியோடதுன்னு அவளுக்குத் தெரியாது) யாருன்னா, அதே அம்மாதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆசைப்பட்ட அதே பெண். மாற்றாந்தாயே கிடையாது கதையில.

1819ல ரெண்டாம் பதிப்பு. அதுல ஒரே ஒரு சின்னச் செருகல். குழந்தை பிறந்ததும் அரசி இறந்துபோறா, ஒரு வருஷம் கழிச்சு ராஜா வேற பெண்ணைக் கட்டிக்கறார். அவ்வளவுதான், அம்மா சுத்தமாயிட்டா. பழி முழுக்க புதுசா வந்தவ தலையில. திருத்தம் செய்யறதுல அதிகம் கைவச்சவர் தம்பி வில்ஹெல்ம். புத்தகம் மெல்ல மெல்லக் குழந்தைங்க கைக்குப் போக ஆரம்பிச்ச காலம். பெத்த தாயே பிள்ளையைத் தின்பாள்னு அதுல எப்படி வைக்கிறது? 'ஹான்சல் கிரெட்டல்' கதையிலயும் இதே வேலை நடந்திருக்கு. பிள்ளைகளைக் காட்டுல விட்டுட்டு வரச் சொல்ற அம்மா, 1840 பதிப்புல மாற்றாந்தாயா மாறிட்டா. எங்க வேலைல இதுக்குப் பேர் 'பேட்ச்' போடறது. பிரச்சினை எங்கே இருக்கோ அங்கே கைவைக்காம, பழியை வேற மாட்யூல் மேல திருப்பிவிடறது :-)

ஆனா பேட்ச் போட்டவர் ஒண்ணை விட்டுட்டார். நிறத்தை மாத்தலை. மூணு சொட்டு ரத்தம், பனி, கருங்காலி எல்லாம் அப்படியே கதையோட வாசல்ல நிக்குது.

சரியா 125 வருஷம் கழிச்சு, 1937 டிசம்பர் 21, லாஸ் ஏஞ்சலஸ் கார்த்தே சர்க்கிள் தியேட்டர்ல டிஸ்னி படம் ரிலீஸ். 15 லட்சம் டாலர் அளவுக்குச் செலவு. 'டிஸ்னியின் முட்டாள்தனம்'னு சினிமா உலகமே அதுவரை கிண்டல் பண்ணின படம். முழுநீளக் கார்ட்டூனை எவன் உட்கார்ந்து பார்ப்பான்னு கேட்டாங்க. உட்கார்ந்து பார்த்தாங்க. பிரிட்டிஷ் தணிக்கைக்காரங்க, கிழவி ரொம்பப் பயமுறுத்தறா, பெரியவங்க துணை இல்லாம குழந்தைங்க போகக்கூடாதுன்னு சர்டிஃபிகேட் குடுத்தாங்க.

வால்ட் டிஸ்னி பையனா இருந்தப்போ கான்சஸ் சிட்டில பார்த்தது 1916ல வந்த மௌனப் படம். அது ஒரு நாடகத்தை வச்சு எடுத்தது. அந்தப் படத்துல அரசி தனி, மந்திரக்காரி தனி. டிஸ்னி அவங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளா ஆக்கினார். அழகான அரசியே மருந்து குடிச்சுக் கிழவியாகிறா. இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதைப் பின்னால தொடறேன்.

ஆனா ஜன்னல் ஓர அம்மாவைப் படம் மொத்தமா வெட்டிடுச்சு. அப்ப அந்த மூணு நிற வசனம் என்னாச்சு? அது எங்கே போய் உட்கார்ந்திருக்குன்னு பார்த்தீங்கன்னா அசந்துடுவீங்க. மாயக் கண்ணாடி வாயில! உன்னைவிட அழகி ஒருத்தி இருக்கான்னு கண்ணாடி சொல்ல, யாருன்னு அரசி கேக்கிறா. அப்போ கண்ணாடி அடையாளம் சொல்லுது: உதட்டுச் சிவப்பு, முடிக் கருப்பு, தோல் வெளுப்பு. பெத்தவ மனசுல பிறந்த வரி, இப்போ ஒரு ஆம்பளைக் குரல்ல (குரல் குடுத்தவர் மொரோனி ஓல்சன்), தேடப்படும் குற்றவாளியோட அங்க அடையாளம் மாதிரி வருது. இன்னொண்ணும் கவனிங்க. கிரிம் கதையில சிவப்பு, ரத்தம். படத்துல அது ரோஜா. ரத்தத்தைத் துடைச்சுட்டு ரோஜாவை வச்சுட்டாங்க. ரத்தம் போனதும் பிரசவமும் போச்சு, அம்மாவும் போயிட்டா.

(முழுசாப் போகலைன்னும் சொல்லலாம். ஸ்னோ ஒயிட்டோட நீலப் புடைப்புக் கையைப் பாருங்க, அதுல சிவப்புச் சொட்டு மாதிரி வடிவங்கள் இருக்கும். அது ஐரோப்பியப் பழைய உடை பாணி. இருந்தாலும் எனக்கு ஊசிதான் ஞாபகம் வருது.)

இந்த வெள்ளை, சிவப்பு, கருப்பு மூணும் சும்மா அலங்காரத்துக்கு அமைஞ்ச கூட்டணி இல்லை. 1969ல பிரென்ட் பெர்லின், பால் கே ரெண்டு பேரும் உலக மொழிகளோட நிறப்பெயர்களை ஒப்பிட்டு ஒரு புத்தகம் போட்டாங்க. ஒரு மொழியில நிறத்துக்கு ரெண்டே சொல் இருந்தா அது இருட்டும் வெளிச்சமும், அதாவது கருப்பும் வெள்ளையும். மூணாவதா ஒண்ணு சேர்ந்தா அது சிவப்பு. மத்ததெல்லாம் அப்புறம்தான். அவங்க சொன்னதுல பல இடங்களைப் பிற்பாடு வந்தவங்க திருத்தினாங்க, ஆனா இந்த முதல் மூணு பெரும்பாலும் நின்னுக்கிச்சு. நம்ம பக்கம் வந்தா, சாந்தோக்ய உபநிஷத்துல நெருப்போட சிவப்பு வடிவம் தேஜஸ், வெள்ளை நீர், கருப்பு அன்னம்னு அதே மூணுதான் எல்லாத்துக்கும் மூலம். சாங்கியத்துல முக்குணத்துக்கும் அதே நிறங்கள்: சத்வம் வெள்ளை, ரஜஸ் சிவப்பு, தமஸ் கருப்பு. இந்த மூணும் சேர்ந்தவதான் பிரகிருதி.

இங்கே ஒரு சூப்பரான தற்செயல். 'ஆர்க்கிடைப்'ங்கிற சொல்லைப் பிரபலமாக்கின கார்ல் யுங், 1937 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தார். லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்னோ ஒயிட் முதல் காட்சி ஓடினப்போ மனுஷர் நம்ம ஊர்ப் பக்கம்தான் சுத்திக்கிட்டிருந்தார். திரும்பிப் போய் 1938ல அவர் பேசின தலைப்பு என்ன தெரியுமா? தாய் என்ற ஆர்க்கிடைப். தாய் உருவத்துக்கு எப்பவும் ரெண்டு முகம், ஊட்டி வளர்க்கிறதும் அவதான், விழுங்கறதும் அவதான்னு சொல்றார். அதுக்கு உதாரணமா காளியையும், சாங்கியப் பிரகிருதியையும், அதோட முக்குணத்தையும் எடுத்துக்காட்டறார். ரெண்டு முகத்தையும் ஒரே தாய்க்குள்ள வச்சுக் கும்பிடத் தெரிஞ்ச ஊர் இதுன்னு அவருக்குப் பட்டிருக்கு.

யுங்கோட எல்லாத்தையும் நான் ஏத்துக்கறவன் இல்லை. ஆர்க்கிடைப்னு ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டா எதை வேணும்னாலும் எதோட வேணும்னாலும் முடிச்சுப் போட்டுடலாம். ஆனா 1812 கதைக்கு அந்த வாசிப்பு அப்படியே பொருந்துது. ஒரே பெண், மூணு நிறம், ரெண்டு முகம். 1819ல அவளை ரெண்டா அறுத்தாங்க. 1937ல அறுத்த ரெண்டுல ஒண்ணைத் தூக்கியும் போட்டாங்க.

படம் இந்த அறுவை வேலையை எவ்வளவு தூரம் கொண்டுபோகுதுன்னு பறவைகளை வச்சுப் பார்க்கலாம். கிரிம் கதையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஸ்னோ ஒயிட் கிடக்கும்போது அழ மூணு பறவை வருது. முதல்ல ஆந்தை, அப்புறம் அண்டங்காக்கை, கடைசியா புறா. மூணும் சேர்ந்தேதான் துக்கம் கேக்குது. படத்துல? கிணத்தடியில ஸ்னோ ஒயிட்டைச் சுத்தி வெள்ளைப் புறாக்கள். அரசியோட பாதாள அறையில, மண்டையோட்டு மேல உட்கார்ந்து முழிக்கிற அண்டங்காக்கை. வெள்ளைப் பறவை இவளுக்கு, கருப்புப் பறவை அவளுக்குன்னு பாகப்பிரிவினை பண்ணிட்டாங்க. கருங்காலிக் கருப்பு அழகுன்னு ஆசைப்பட்டவளோட கதை இது. அதுல கருப்பு பாதி தூரம் வர்றதுக்குள்ள பேய்க் கணக்குல சேர்ந்துடுச்சு. நம்ம வீட்ல குழந்தைக்குக் கண்ணு படக்கூடாதுன்னு கன்னத்துல வைக்கிற பொட்டுக்கு என்ன நிறம்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

ஆப்பிளும் அப்படித்தான். கிரிம் கதையில ஆப்பிளுக்கு ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. விஷம் சிவப்புல மட்டும். பொண்ணு தயங்கறா. உடனே கிழவி பழத்தை ரெண்டா நறுக்கி வெள்ளைப் பாதியைத் தான் தின்னுட்டு, சிவப்பை இவகிட்ட நீட்டறா. ஒரே பழத்தை அம்மாவும் பொண்ணும் பங்கு போட்டுத் தின்கிற காட்சி அது! (1812ஐ மனசுல வச்சுப் படிச்சா அப்படித்தான் தெரியும்.) படத்துல பங்கு கிடையாது. முழுப் பழமும் சிவப்பு. கிழவி ஒரு கடி கடிக்கலை.

இவ்வளவு பிரிச்சும், படத்துல ஒரு இடத்துல மட்டும் அறுத்த இடம் தானா ஒட்டிக்குது. அரசி உருமாறுற காட்சி. ஆர்ட் பேபிட் வரைஞ்ச அரசி, அசைவே இல்லாத மெழுகு முகம். நார்மன் ஃபெர்குசன் வரைஞ்ச கிழவி, உடம்பு முழுக்க அசைவு. ரெண்டுக்கும் குரல் ஒருத்தர்தான், லூசில் லா வெர்ன். இதுல அரசி மருந்து கலக்கிற முறையைக் கவனிங்க. வயசு ஏறணும், குரல் மாறணும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சரக்கு போடறா. உடைக்கு ராத்திரியோட கருப்பு. முடி வெளுக்க ஒரு பயந்த அலறல். குடிச்சு உருமாறினதும் முதல் வேலையா என்ன பண்றா? ஆப்பிளைக் கொப்பரையில முக்கி எடுத்து, மேல வழியற மண்டையோட்டைப் பார்த்துச் சிரிச்சுட்டு, சிவப்பா மாறுன்னு உத்தரவு போடறா. கருப்பு, வெள்ளை, சிவப்பு. ஜன்னல் ஓரம் குழந்தைக்குக் கேட்ட அதே மூணையும் இவ இங்கே வரிசையாக் கேட்டு வாங்கிக்கறா. ஒருத்தி பிறக்கறதுக்காகக் கேட்டது, இன்னொருத்தி அவளைக் கொல்றதுக்காகக் கேக்கறது.

டிஸ்னி ஆட்கள் இதை யோசிச்சுத் திட்டம் போட்டுச் செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரலை. கொப்பரை, கிழவி, கருப்பு அங்கி எல்லாம் ஐரோப்பிய சூனியக்காரி வழக்கமான ஐட்டங்கள்தான். ஆனா கதைக்குள்ள மூணு நிறம் கிடக்கு. அதைத் தொட்டவங்க கையெல்லாம் அதே மூணுக்குத்தான் போயிருக்கு.

கண்டிப்பா யோசிச்சுச் சேர்த்த நிறம்னா அது பச்சை. மருந்துல பச்சை, புகையில பச்சை, அரசி கண்ணுலயும் கிழவி கண்ணுலயும் பச்சை. விஷம்னா பச்சைங்கிற பழக்கம் டிஸ்னில அப்புறமும் தொடர்ந்தது. 1959 'ஸ்லீப்பிங் பியூட்டி'ல மலெஃபிசன்ட் எழுப்புற நெருப்பு, 1994 'லயன் கிங்'ல ஸ்கார் பாட்டுல வர்ற பச்சைப் புகைன்னு ஒரு தனிப் பதிவே போடலாம். கதகளில பச்சை முகம் போட்டு வந்தா அது நளனோ அர்ஜுனனோ, தீரோதாத்த நாயகன். பக்கத்து மாநிலத்து ஆட்கள் அந்த ஸ்கார் பாட்டைப் பார்த்தா குழம்பிப்போயிடணும் நியாயமா :-)

சரி, இந்த நிறத்தையெல்லாம் உண்மையில பூசினது யாரு? இது சொல்லாம விட்டா பதிவு பாதிதான்.

அனிமேட்டர் பேப்பர்ல பென்சிலால வரைவார். அதை ஒளி ஊடுருவுற செல்லுலாய்டு தாள் மேல வச்சு இங்க்ல நகல் எடுக்கணும். அப்புறம் தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் வர்ணம் நிரப்பணும். லட்சக்கணக்கான தாள்கள். 'இங்க் அண்ட் பெயின்ட்'னு தனிப் பிரிவு, அங்கே கிட்டத்தட்ட எல்லாருமே பெண்கள். வர்ணத்தை ஸ்டூடியோவுக்குள்ளேயே அரைச்சுக் கலக்கினாங்க. தாள் மேல தாள் அடுக்கிப் படம் பிடிக்கும்போது அடியில இருக்கிற நிறம் கொஞ்சம் மங்கும். அதனால ஒரே சிவப்பு அடுக்குக்கு அடுக்கு வேற வேற அழுத்தத்துல கலக்கணும். அப்பதான் திரையில ஒரே சிவப்பாத் தெரியும். இந்த லாஜிக்கை நான் படிச்சப்போ வேலையை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

83 நிமிஷம் பளபளன்னு இருந்தா கண்ணு வலிக்கும்னு மொத்தப் படத்தையும் மண் நிறம், இலை நிறம்னு அடக்கி வாசிக்கச் சொன்னார் வால்ட். பின்னணி எல்லாம் நீர்வண்ணம். அதனாலதான் ஆப்பிள் வரும்போது அந்தச் சிவப்பு பளார்னு அறையுது. அதே மாதிரி, ஸ்னோ ஒயிட் முடிக்குச் சுத்தமான கருப்பு போட்டா முகத்துக்கு மேல ஒட்டவச்ச மாதிரி இருக்குன்னு, முடி ஓரத்துல உலர் தூரிகையால சாம்பல் நிறத்தை லேசா இழைச்சாங்க இந்தப் பெண்கள். கன்னத்துச் சிவப்பைச் சாயம் தொட்டு ஒற்றினாங்க. ஒவ்வொரு தாள்லயும் அதே இடத்துல, அதே அளவு. கொஞ்சம் தள்ளினா திரையில கன்னம் துடிக்கும். கருப்பைக் கருணையாக்கி, வெள்ளையில ரத்த ஓட்டம் வரவச்சது அவங்க கைதான்.

படத்துக்குக் கலை இயக்குநர்கள்னு வர்ற பட்டியல்ல, இந்தப் பிரிவோட தலைமையில இருந்த ஹேசல் சூவெல் பேர் இருக்கு. தாள் தாளா இங்க் போட்ட, வர்ணம் போட்ட பெண்கள் பேர் இல்லை. 1938ல ஒரு பெண், டிஸ்னி ஸ்டூடியோல அனிமேஷன் பயிற்சிக்கு இடம் கேட்டு எழுதினாங்க. வந்த பதில்ல, படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்யறதில்லை, அதெல்லாம் இளைஞர்கள் வேலை, பெண்களுக்கு இருக்கிறது இங்க்ல நகல் எடுக்கிறதும், குறிச்சுக் குடுத்தபடி பின்பக்கம் வர்ணம் போடறதும் மட்டும்தான்னு தெளிவா எழுதியிருந்தது. லெட்டர்ஹெட்ல யார் படம் அச்சாகியிருந்தது தெரியுமா? ஸ்னோ ஒயிட்.

இப்ப மாற்றாந்தாய் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுல கொஞ்சம் சொந்தக் கணக்கு இருக்கு. எங்க சொந்தத்துல ஒரு அக்கா, ரெண்டாந்தாரமாப் போனவங்க. மூத்தவளோட பொண்ணை ரெண்டு வயசுல இருந்து வளர்த்தது அவங்கதான். அந்தப் பொண்ணு "சித்தி"ன்னுதான் கூப்பிடும். கூப்பிடறதுல ஒரு குறையும் கிடையாது. ஒரு லீவு நாள்ல இந்தப் படம் டிவில ஓடுது, எல்லாரும் உட்கார்ந்திருக்கோம். புத்தகம் திறந்து முதல் பக்கம் வந்ததும், பொண்ணு திரும்பி அக்கா முகத்தை ஒரு தடவை பார்த்துச்சு. ஒண்ணும் கேக்கலை. அக்கா, குக்கர் விசில் வருதுன்னு எழுந்து போனாங்க. குக்கர் அடுப்புல ஏறவே இல்லை.

புரூனோ பெட்டல்ஹைம் 1976ல தேவதைக் கதைகளைப் பற்றி எழுதின புத்தகத்துல, மாற்றாந்தாய் பாத்திரத்துக்கு ஆதரவா வாதாடறார். குழந்தைக்கு அம்மா மேல கோபம் வரும், அந்தக் கோபத்தைப் பொய்யான ஒரு அம்மா மேல இறக்கிவச்சா நல்ல அம்மா மனசுக்குள்ள பத்திரமா இருப்பாள்னு. வில்ஹெல்ம் போட்ட பேட்சை அவர் மருந்துன்னே சொல்றார். மருந்தா இருக்கலாம். ஆனா அந்த மருந்துக்கான விலையைக் குழந்தையோ அம்மாவோ குடுக்கலை. எழுந்து சமையலறைக்குப் போறாங்களே, அவங்கதான் குடுக்கறாங்க.

அதைவிட எனக்குப் பிடிச்சது 1979ல சான்ட்ரா கில்பர்ட், சூசன் கூபர் எழுதினது. கதையில ராஜா காணாமப்போகலை, கண்ணாடிக்குள்ள உட்கார்ந்திருக்கார்னு சொன்னாங்க. யார் அழகின்னு தீர்ப்பு சொல்ற அந்தக் குரல் அவரோடது. அந்தக் குரலுக்கு முன்னால ரெண்டு பெண்களையும் போட்டிக்கு நிறுத்தினதே அதுதான்னு. மூணு நிற வசனத்தைப் படம் கொண்டுபோய்க் கண்ணாடிகிட்ட குடுத்ததை இதோட சேர்த்துப் பாருங்க. 1812ல அந்த வரி, ஒரு பெண் தனியா உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கிட்டது.

முடிவும் நிறத்துலதான் வேறுபடுது. கிரிம் கதையில ஸ்னோ ஒயிட் கல்யாணத்துக்கு அரசி வர்றா. மணப்பெண் யாருன்னு அடையாளம் தெரிஞ்சு உறைஞ்சு நிக்கிறா. நெருப்புல பழுக்கக் காய்ச்சின இரும்புச் செருப்பை மாட்டிவிட்டுச் சாகிற வரைக்கும் ஆடவைக்கறாங்க. கடைசிச் சிவப்பு அது. கொடூரம்தான். ஆனா ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிக்கிறாங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கறாங்க. படத்துல மின்னல் வெட்டி, பாறை சரிஞ்சு, கிழவி பள்ளத்துல விழறா. மேலே இருந்து ரெண்டு கழுகுங்க நிதானமா வட்டம் போட்டு இறங்குது. உடம்பைக்கூடக் காட்டலை. ஆப்பிள் குடுத்த கிழவி யாருங்கிறது ஸ்னோ ஒயிட்டுக்குக் கடைசிவரை தெரியாது. அரசியும் அவளும் சொந்த முகத்தோட ஒரு வார்த்தை பேசிக்கிற காட்சி படம் முழுக்க கிடையாது.

பார்க்கிற காட்சி மட்டும் ஒண்ணே ஒண்ணு உண்டு. ஆரம்பத்துல, கிணத்தடியில ஸ்னோ ஒயிட்டும் இளவரசனும். கீழே வெள்ளைப் புறாக்கள். மேலே கோட்டையில, கருப்பு முக்காடும் வெள்ளைக் காலருமா ஒரு பெண் நின்னு அந்தப் பொண்ணையே பார்த்துக்கிட்டிருக்கா. அவ நிக்கிற இடம் ஒரு ஜன்னல். அப்புறம் திரைச்சீலையை இழுத்து மூடிடறா.